தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றி வேட்டை: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பஹாவைச் சுற்றியுள்ள செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பன்றி வேட்டைக்குப் புதிதாக வரும் தம்பிமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். உரிமம் உள்ள துப்பாக்கியுடன், அனுமதி வாங்கிய நிலத்தில், பகல் வெளிச்சத்தில் செய்யும் வேட்டையைப் பற்றித்தான் எங்கள் பதில்கள். தோட்டம் என்பது வேலைக்காடு. நீங்கள் துப்பாக்கியைத் தூக்கும் நேரத்தில் பக்கத்துப் பாத்தியில் ஒருவர் குலை வெட்டிக்கொண்டிருப்பார், அடுத்த வரிசையில் ஓர் அம்மா உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார். எந்தப் பதிலைப் படித்தாலும் அந்த இருவரையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

எத்தனை அனுமதி வாங்க வேண்டும்?

மூன்று. மூன்றும் வெவ்வேறு இடத்தில் வாங்க வேண்டியவை. ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

துப்பாக்கி உரிமம் போலீஸ் தருவது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும். வேட்டை உரிமம் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தருவது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716-ஆவது சட்டத்தின் கீழ் வரும். (இந்தச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டுமே. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு.) மூன்றாவது, நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி. தோட்டமென்றால் மேனேஜரின் கையெழுத்தோடு கடிதமாக வாங்கி வையுங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயால் "போங்க, பரவாயில்ல" என்று சொன்னது அனுமதி ஆகாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர் வேலையும் போகும்.

தோட்டத்து எல்லையைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் பன்றி ஓடினால் பின்னாலேயே போய்விடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேறு வேண்டும்.

வேட்டை உரிமத்தில் எந்த விலங்கு, எத்தனை, எங்கே, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் எழுதியிருக்கும். நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். பன்றிக்கு வாங்கிய உரிமம் பன்றிக்கு மட்டும்தான். மானோ சருகுமானோ முள்ளம்பன்றியோ எதிரே வந்து நின்றாலும் துப்பாக்கி கீழேதான் இருக்க வேண்டும்.

மாமாவிடம் உரிமத் துப்பாக்கி இருக்கிறது. அவர் வரவில்லை என்றால் நான் எடுத்துக்கொண்டு போகலாமா?

கூடாது. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உங்கள் பெயர் இல்லாத துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சட்டவிரோத ஆயுதம். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருப்பதற்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பக்காகுக் என்று சொல்லும், கையால் செய்த துப்பாக்கிக்கும் இதே கதிதான். அது பின்பக்கமாக வெடித்து முகத்தைக் கெடுக்கும் என்பது வேறு. உங்களுக்கென்று உரிமம் வரும் வரை துப்பாக்கி இல்லாமல் மற்றவர்களோடு சேர்ந்து போங்கள். தடம் பார்க்கவும் கறி அறுக்கவும் ஆள் எப்போதும் தேவை.

கண்ணி வைத்தால் செலவும் இல்லை, சத்தமும் இல்லை. அதை ஏன் எல்லோரும் திட்டுகிறீர்கள்?

கம்பிக் கண்ணிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. தீபகற்பத்தில் காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு என்று தேசிய அளவில் எடுத்த கணக்கு சொல்கிறது. காட்டோரம் ஒருவர் பன்றிக்கு வைக்கும் கண்ணியில் புலியின் காலோ, தாப்பிர் என்னும் காட்டு விலங்கின் காலோ, யானைக் குட்டியின் காலோ மாட்டி அழுகிப் போகிறது. தோட்டத்துக்குள் வைத்தால் மேயும் மாடும் நாயும் மாட்டும். கண்ணி வைத்திருப்பதே 716-ஆவது சட்டத்தில் குற்றம். கம்பி ஒன்றைக் கண்டால் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். எங்களைப் பொறுத்தவரை கண்ணி வைக்கிறவர் வேட்டைக்காரர் அல்ல.

என்ன துப்பாக்கி, என்ன தோட்டா?

12 போர் ஷாட்கன். போர் என்பது குழலின் அளவு. ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ, இரண்டில் எது உங்கள் தோளுக்குச் சரியாகப் பொருந்துகிறதோ அது. பன்றிக்கு எஸ்ஜி தோட்டா. ஒரு தோட்டாவுக்குள் ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஈயக் குண்டுகள் வழக்கமாக 9 இருக்கும். பறவைக்குச் சுடும் சின்னக் குண்டு பன்றியைக் கொல்லாது. தோலுக்குள் புதைந்து, சீழ் பிடித்து, வாரக்கணக்கில் வதைக்கும்.

தோட்டா விஷயத்தில் மூன்று தவறுகள் குழலையே பிளந்துவிடும்.

முதலாவது நீளம். பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டியவை. 76 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் போகும், மூடவும் மூடும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுதாக விரிய இடம் இல்லாததால் அழுத்தம் எகிறிவிடும். குழலில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, 20 போர் தோட்டா 12 போர் தோட்டாவோடு ஒரே பையில் கிடப்பது. 20 போர்தான் சின்னது, அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சற்றுத் தள்ளிச் சிக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. "லோட் பண்ணலையோ" என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் இடது கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதனால்தான். ஒரு பையில் ஒரே அளவு, அவ்வளவுதான்.

மூன்றாவது சேறு. பாரிட் என்னும் வடிகால் வாய்க்காலைத் தாண்டும்போது குழல் முனை கரையில் குத்தினால் விரல்நுனி அளவு மண் அடைத்துக்கொள்ளும். அதோடு சுட்டால் குழல் வீங்கும் அல்லது வாய் பிளக்கும். எதைத் தாண்டுவதாக இருந்தாலும் முதலில் தோட்டாவை எடுங்கள். தாண்டியதும் பின்பக்கம் திறந்து வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள், பிறகு தோட்டா போடுங்கள். ஐந்து வினாடி வேலை.

ஒற்றைக் குண்டான ஸ்லக்கைப் புதியவர்கள் தோட்டத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. குழல் முனை இறுக்கமான ஃபுல் சோக்காக இருந்தால் பல ஸ்லக்குகள் அதற்கு ஒத்துவராது. குறி தவறிய ஸ்லக் ஒரு கிலோமீட்டரைத் தாண்டவும் கூடும்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம்? காட்டுக்குள் தூரத்தை எப்படிக் கணிப்பது?

எஸ்ஜிக்கு 25 மீட்டர் நல்ல தூரம், 30 மீட்டர் எல்லை. அதற்கு மேல் 9 குண்டும் பரவிப் போய் இரண்டோ மூன்றோதான் உடம்பில் படும். அது பன்றியைச் சாய்க்காது, காயப்படுத்தி ஓடவிடும்.

தூரம் கணிக்கச் செம்பனையே அளவுகோல். நம் தோட்டங்களில் முக்கோண நடவு. மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். உங்கள் பக்கத்து மரத்தில் தொடங்கி நடவு வரிசையோடு பார்வையை ஓட்டினால் அடுத்த மரம் 9, அதற்கடுத்தது 18, மூன்றாவது 27. பன்றி மூன்றாவது மரத்துக்கு இந்தப் பக்கம் என்றால் சுடலாம், அந்தப் பக்கம் என்றால் விட்டுவிடுங்கள். வரிசையோடு பார்த்தால்தான் இந்தக் கணக்கு. இரண்டு வரிசைகளுக்கு நடுவே குறுக்கே பார்த்தால் ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் 15 மீட்டருக்கு மேல் வரும். அந்தத் திசையில் இரண்டாவது மரமே எல்லைக்கு வெளியே. தோட்டத்துக்குத் தோட்டம் இடைவெளி கொஞ்சம் மாறும். முதல் நாளே ஒரு வரிசையைக் காலால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துப்பாக்கி உண்மையில் எப்படிப் பரப்புகிறது என்பதை அனுமதி உள்ள சுடுதளத்தில் பாருங்கள். பெரிய மணிலாத் தாளில் சோற்றுத் தட்டளவு, அதாவது 25 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து 15, 20, 25, 30 மீட்டரில் ஒவ்வொன்றிலும் மூன்று தடவை சுடுங்கள். வட்டத்துக்குள் சராசரியாக 6 குண்டாவது விழும் கடைசித் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. ஒரே 12 போராக இருந்தாலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், தோட்டா பிராண்டு மாறினாலும் மாறும். அண்ணன் 30-ல் சுடுகிறார் என்பதற்காக நீங்களும் 30-ல் சுட முடியாது.

பன்றி நன்றாகத் தெரிகிறது, தூரமும் சரி. அப்போது சுடலாம்தானே?

பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறோம். விபத்துகளெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

எஸ்ஜி குண்டு 30 மீட்டருக்கு மேல் பன்றியை ஒழுங்காகக் கொல்லாது என்பதால் அதற்கு மேல் போகாது என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நோக்கிச் சுட்டால் 600 மீட்டருக்கும் மேல் போகும். சமதரைத் தோட்டத்தில் 600 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், ஆலைக்குப் போகும் லோரிப் பாதை, வேலையாட்கள். அதனால் குண்டைத் தாங்க மண் வேண்டும். மேட்டுச் சரிவில் நிற்கும் பன்றி நல்ல குறி, அதன் பின்னாலேயே மண் சுவர் இருக்கிறது. மேட்டு உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் பன்றியை எந்தக் காரணத்துக்காகவும் சுடாதீர்கள். சமதரையில், முடிந்தால் ஓர் உயரமான இடத்தில் நின்று கீழ்நோக்கிச் சுடுங்கள், தப்பிய குண்டு தரையில் புதையும்.

தரையிலும் ஏமாற்று உண்டு. செம்மண் சரளைப் பாதை, பாரிட் தண்ணீர், சிறுபாலத்துச் சிமெண்டு ஆகியவற்றில் சாய்வாகப் படும் குண்டு தெறித்து வேறு திசைக்குப் போகும். செம்பனைத் தண்டின் ஓரத்தில் பட்டாலும் திசை மாறும்.

மட்டை அசைகிறது, சத்தம் வருகிறது, கறுப்பாக ஏதோ தெரிகிறது என்பதெல்லாம் சுடுவதற்குக் காரணம் ஆகாது. தலை, தோள், கால் மூன்றும் தெரிய வேண்டும். தோட்டங்களில் மாடு மேய விடுகிறார்கள். கறுப்புக் கன்று ஒன்று மட்டைக் குவியலுக்குப் பின்னால் நிற்பதும் பன்றி நிற்பதும் அதிகாலை மங்கலில் ஒரே மாதிரிதான் இருக்கும். குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் ஆளும் அப்படியே.

போவதற்கு முந்தின நாளே தோட்ட அலுவலகத்தில் கேட்டு, மறுநாள் எந்தப் பிளாக்கில் வெட்டு, எந்தப் பிளாக்கில் மருந்தடிப்பு, எங்கே உரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். காலைப் பெரட்டு (வேலைக்குப் பெயர் கூப்பிடும்) நேரத்தில் மண்டோரிடம் மறுபடி ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள், திட்டம் மாறியிருக்கலாம். வெளிநாட்டு வேலையாட்களுக்கும் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போடுங்கள். பன்றிக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, மனிதனுக்குத் தூரத்திலேயே தெரியும்.

தோட்டத்தில் பன்றி எங்கே இருக்கும்?

உதிரிப்பழம் இருக்கும் இடத்தில் தின்னும், மட்டைக் குவியலிலும் பெலுக்கார் என்னும் புதர்க்காட்டிலும் படுக்கும், பாரிட் ஓரத்துச் சேற்றில் புரளும். இந்த மூன்றுக்கும் நடுவே தினமும் போய்வரும் பாதைதான் நீங்கள் தேட வேண்டியது. மறுநடவு செய்த பிளாக்கில் இளங்கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்னும். தோட்ட நிர்வாகம் உங்களை உள்ளே விடுவதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான்.

தடத்தில் மாட்டையும் மானையும் பிரித்தறிவது சுலபம். பன்றியின் முன்குளம்பு இரண்டுக்கும் பின்னால், கொஞ்சம் வெளியே தள்ளி, பக்கக் குளம்புகள் இரண்டு புள்ளியாகப் பதியும். மானுக்கு அது ஆழச் சேற்றில் மட்டும்தான் பதியும். விளிம்பு கூர்மையாக, உள்ளே தண்ணீர் தேங்காமல் இருந்தால் தடம் புதியது. விளிம்பு உதிர்ந்து, உள்ளே சருகு விழுந்திருந்தால் நேற்றையது. மண்ணைக் கிளறிய இடத்தில் அறுந்த வேர் வெள்ளையாக இருந்தால் இன்றையது. காய்ந்து பழுப்பேறியிருந்தால் விடுங்கள்.

சேற்றில் புரண்டபின் மரத்தில் தேய்க்கும். செம்பனை அடிமரத்தில் சேறு எந்த உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்கு மேலே, தொடை வரை என்றால் பெரிய உருப்படி. தனியாக ஒரே பெரிய தடம் போனால் அது தனியன் ஆணாக இருக்கக்கூடும். சின்னதும் பெரியதுமாகக் கலந்து போனால் தாயும் குட்டிகளும்.

பஹாவிலிருந்து அதிகத் தூரமில்லாத பாசோ காப்புக்காட்டில் 1990-களில் ஆராய்ந்தவர்கள் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 1996-இல் 47, 1998-இல் 27 பன்றிகள் என்று கணக்கிட்டார்கள். சுற்றிலும் இருக்கும் செம்பனையின் பழமே இந்தப் பெருக்கத்துக்குத் தீனி. பெட்டைப்பன்றி ஈனுவதற்கு முன் நூற்றுக்கணக்கான இளஞ்செடிகளை ஒடித்தும் பிடுங்கியும் குவித்துக் கூடு கட்டும். அப்படி ஒரு குவியலைப் பெலுக்காரில் கண்டால் நெருங்காமல் ஒதுங்கிப் போங்கள். உள்ளே குட்டியோடு தாய் இருந்தால் எச்சரிக்கை இல்லாமல் பாயும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். கூடவே குட்டிகள் ஓடும் தாயைச் சுடுவதில்லை என்பதை நாங்கள் சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

எவ்வளவு அமைதியாகப் போனாலும் ஓடிவிடுகிறது. ஏன்?

மூக்கு. பன்றிக்குக் கண் மந்தம், காது கூர்மை, மூக்கு அதைவிடக் கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் அடித்தால் நீங்கள் பார்க்கும் முன்பே எழுந்து போயிருக்கும்.

சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் முகப்பவுடர் போட்டு வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பீச்சுப் பீச்சுங்கள். தூள் எங்கே போகிறது என்று பாருங்கள். மேட்டு நிலத் தோட்டத்தில் வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே ஏறும், மாலை குளிரும்போது கீழே இறங்கும். அதனால் காலையில் வெயில் ஏறியபின் மேலிருந்தும், மாலையில் கீழிருந்தும் நெருங்க வேண்டும். விடிந்தவுடன் காற்று இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், அந்த மாற்றத்தைக் கவனிக்காததால்தான் பலருக்கு முதல் ஒரு மணி நேரம் வீணாகிறது. தலைக்கு எண்ணெய், உடம்புக்கு வாசனை, பாக்கெட்டில் சுருட்டு எதுவும் வேண்டாம்.

உடம்பில் எங்கே குறிவைக்க வேண்டும்?

பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். முன்காலின் நடுக்கோட்டில் மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. மானுக்குச் சொல்வதுபோல் "தோளுக்குப் பின்னால்" என்று குறிவைத்தால் பன்றிக்குக் குடலில்தான் படும், அதன் நெஞ்சறை அவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது. முதுகு மயிரைப் பார்த்து நடு உயரத்தில் சுடுகிறவர்களும் தவறுகிறார்கள். முதுகுமேல் நிற்கும் முடியும் மேட்டுத் தசையும் சேர்ந்து உடம்பை உயரமாகக் காட்டும்.

நேருக்கு நேர் நின்றால் சுடாதீர்கள். மண்டை சரிந்த எலும்பு, குண்டு வழுக்கும். வயதான ஆணுக்குத் தோளின் மேல் கேடயம்போல் தடித்த ஒரு படலம் வேறு உண்டு, தூரத்திலிருந்து வரும் எஸ்ஜி அதில் நின்றுபோகும். ஓடும் பன்றியைப் புதியவர்கள் முதல் வருடம் சுடவே வேண்டாம்.

அடிபட்டு ஓடிவிட்டது. என்ன செய்வது?

உடனே ஓடாதீர்கள். நின்ற இடத்தில் ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள், பன்றி நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் மனதில் பிடியுங்கள், தோட்டாவை மாற்றிப் போடுங்கள், அரை மணி நேரம் உட்காருங்கள். துரத்தாவிட்டால் காயம்பட்ட பன்றி பக்கத்திலேயே படுத்து அங்கேயே அடங்கும். துரத்தினால் பெலுக்காருக்குள் போய்விடும்.

பிறகு இரத்தத்தைப் படியுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், நூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு, கெட்டியாக என்றால் ஈரல், இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் போங்கள். பச்சையாக, சாணி நாற்றத்தோடு என்றால் குடல். இதுதான் கெட்ட செய்தி. இரண்டு மணி நேரமாவது விட வேண்டும், நம் வெயிலில் அதற்குள் கறி கெடத் தொடங்கும். கறி போனாலும் பரவாயில்லை, போய் முடித்துவைப்பது உங்கள் கடமை. இரத்தம் நின்ற இடத்தில் ஒரு தாள் துண்டு வைத்துவிட்டு, அங்கிருந்து சுற்றிச் சுற்றித் தேடுங்கள்.

தலைக்கு மேல் வளர்ந்த லாலாங் புல்லுக்குள் காயம்பட்ட தனியன் இருந்தால் தனியாக நுழையாதீர்கள். கீழ்த்தாடையின் கோரைப்பல் மேற்பல்லில் தேய்ந்து தேய்ந்து கத்திபோல் இருக்கும், கீழிருந்து மேலாகக் கிழிக்கும், சரியாகத் தொடையின் உட்புறம், பெரிய இரத்தக்குழாய் ஓடும் இடம். அதனால்தான் பையில் இரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்கிறோம். கிடக்கும் பன்றியை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது.

குழுவாக விரட்டிப் பிடிக்கும்போது என்ன ஒழுங்கு?

ஒருவர் சொல்வதை மற்ற எல்லோரும் கேட்க வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் தோட்டப் பாதையோரம் ஒரே கோட்டில், ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பக்கத்து ஆள் இருக்கும் திசையிலிருந்து 30 பாகை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நடுங்கள். குச்சிக்கும் ஆளுக்கும் இடைப்பட்ட பகுதியில் குழல் போகவே கூடாது. விரட்டுகிறவர்கள் எதிரே வரும்போது முன்பக்கம் சுடக்கூடாது. பன்றி கோட்டைத் தாண்டி உங்கள் முதுகுப்பக்கம் போனபின் திரும்பி, குழலை வானத்துக்குத் தூக்கியபடி சுழன்று, பிறகுதான் குறி.

இரண்டு நீள விசில் என்றால் முடிந்தது: தோட்டா வெளியே, துப்பாக்கி திறந்தபடி. விசிலுக்கு முன் யாரும் இடத்தைவிட்டு ஒரு அடி நகரக் கூடாது, தன் பன்றி கண்ணெதிரே கிடந்தாலும்கூட. கடைசியில் தலை எண்ணுங்கள். நாய்களைப் பழகாத ஆள் கொண்டுவர வேண்டாம். நாய் பன்றியை மறித்து நிற்கும்போது சுட்டு நாயைக் கொல்வது வழக்கமாக நடக்கும் தவறு.

காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியை எடுக்கலாமா?

தொடவே தொடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2021 தொடக்கத்தில் சபாவிலும், அதே ஆண்டின் கடைசியில் தீபகற்பத்திலும் உறுதியானது. மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் பூட்ஸ் சேற்றிலும் உறைந்த கறியிலும் நாளாகச் சாகாமல் இருந்து பண்ணைப் பன்றிகளை அடியோடு அழித்துவிடும். இடத்தைக் குறித்துக் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். தள்ளாடுவது, ஓடாமல் நிற்பது, காதும் வயிறும் நீலம் பாய்ந்திருப்பது தெரிந்தால் அந்தப் பன்றியின் கறியும் வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் பூட்ஸ் மண்ணைத் தோட்டத்திலேயே பிரஷ்ஷால் தேய்த்துச் சோப்பால் கழுவி, ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். சேறு போகாமல் ப்ளீச் ஊற்றிப் பயனில்லை. பன்றிப் பண்ணை வைத்திருப்பவர் வீட்டுக்கு அன்றைக்கே அதே பூட்ஸோடு போகாதீர்கள்.

கறியைக் கெடாமல் எப்படி எடுப்பது?

நம் வெயிலில் அரை மணி நேரத்துக்குள் குடல் வெளியே வந்தாக வேண்டும். ரப்பர் கையுறை இரண்டு அடுக்கு போடுங்கள். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அதன் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும், மூளைக்காய்ச்சலையும் காது கேளாமையையும் தரும் பன்றிக் கிருமி ஒன்றும் ஏறும். 1998, 1999-இல் நிப்பா நோய் 105 பேரை இந்த நாட்டில் கொன்றது. அதன் பெயரே நம் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பாவிலிருந்து வந்தது. அது பண்ணைப் பன்றிகள் வழியாக மனிதருக்குப் பரவிய நோய் என்றாலும், பன்றி இரத்தத்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பதற்கு நமக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி மல்லாக்கப் போடுங்கள். முதலில் ஆசனவாயைச் சுற்றி அறுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கி, கத்தியின் கூர் மேலே பார்க்க, விரலுக்கு நடுவே வைத்து மார்பெலும்பு வரை கீறுங்கள். கூர் கீழே பார்த்தால் குடல் கிழியும், கறி முழுக்க நாறும். விலா ஓரமாக உதரவிதானத்தை அறுத்து, கையை மேலே விட்டு மூச்சுக்குழாயை வெட்டி இழுத்தால் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். மூத்திரப்பை கடைசியில் வரும், அந்தப் பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். உடம்பைக் கவிழ்த்து இரத்தத்தை வடியவிட்டுச் சுத்தமான துணியால் துடையுங்கள். பாரிட் தண்ணீரில் கழுவவே கூடாது.

கழிவை ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள், பாரிட்டிலிருந்து தள்ளி. நாய் தோண்டி லயத்துக்கு இழுத்துவந்தால் அடுத்த தடவை உங்களுக்கு அனுமதி கிடைக்காது.

ஐஸ் பெட்டியில் கறியின் எடைக்குச் சமமான எடை ஐஸ் போடுங்கள். வடிகால் அடைப்பைத் திறந்து வையுங்கள், தண்ணீரில் ஊறும் கறி வெளுத்து வழவழத்துப் போகும். 60 கிலோப் பன்றியில் எலும்பில்லாக் கறி ஏறத்தாழ 25 கிலோ வரும்.

ஈரலை வறுத்துச் சாப்பிடலாமா?

தோட்டத்துப் பன்றியின் ஈரல் வேண்டாம். செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மெழுகுக் கட்டி மருந்து வைக்கிறார்கள், பன்றி அதையும் தின்னும். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்து ஈரலில்தான் தங்கும், வேகவைத்தாலும் போகாது.

ஆண் பன்றிக் கறி ஏன் வாடை அடிக்கிறது? சுட்டவுடன் விதையை அறுத்தால் போகுமா?

போகாது. வாடை கொழுப்பில் ஏறியிருக்கிறது, சுடுவதற்கு முன்பே. கொழுப்பை முழுக்கச் சீவி எறிந்துவிட்டு, மஞ்சள், உப்பு, மிளகு போட்டு நன்றாக வேகவைத்தால் பெருமளவு குறையும். வாடையே வேண்டாமென்றால் 30, 40 கிலோ இளம் பன்றியைத் தேர்ந்தெடுங்கள். எப்படிச் சமைத்தாலும் நடுக்கறி 71 பாகை செல்சியஸ் தொட வேண்டும். காட்டுப்பன்றித் தசையில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கலாம், ஃபிரீசரில் வைத்தால் எல்லா வகையும் சாகும் என்று நம்ப முடியாது. குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்துப் பிறகு பிரட்டலுக்கு எடுப்பது பத்திரம். உப்புக்கண்டம் போடுகிறவர்களும் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

மிஞ்சிய கறியை விற்கலாமா?

விற்பதற்குத் தனி உரிமம் உண்டு, உங்கள் வேட்டை உரிமம் அதற்குப் போதாது. பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கம், சுட்டவர், விரட்டியவர், லோரி கொண்டுவந்தவர் என்று பார்க்காமல் சமபங்கு.

பக்கத்தில் மலாய்க்காரர் கம்பம் (கிராமம்) இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

நிறைய. பன்றியைத் திறந்த வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைத் தெரு வழியாகப் போகாதீர்கள். தடிப்பான கான்வாஸில் சுற்றி, அடியில் இரத்தம் வடியாதபடி பிளாஸ்டிக் தட்டு வைத்து மூடி எடுத்துப் போங்கள். தோட்டத்து வண்டியையோ டிராக்டரையோ கேட்காதீர்கள், ஓட்டுகிறவர் முஸ்லிமாக இருக்கலாம், கேட்பதே அவருக்குச் சங்கடம். அறுக்கிற இடம் கம்பத்துக்குப் போகும் ஓடைக்கு மேற்பக்கம் இருக்கக்கூடாது, சுராவ் என்னும் சிறு தொழுகையிடத்தின் பக்கமும் நம் கோயில் பக்கமும் கூடாது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டாம். கம்பத்துத் தலைவரிடம் எந்த நாள், எந்தப் பிளாக் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பன்றி எங்கே இறங்குகிறது என்று பெரும்பாலும் அவர்களே காட்டித் தருவார்கள். அவர்கள் மரவள்ளியையும் வாழையையும் நாசம் செய்வது அதே கூட்டம்தான்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை என்ன செய்வது?

குளிப்பதற்கு முன் துப்பாக்கி. நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் குழலுக்குள் துரு பிடிக்கும். தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். குழலில் பிரஷ் பத்துத் தடவை, துணி வெள்ளையாக வரும் வரை, பிறகு மெல்லிசாக எண்ணெய். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடிக்கும். துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், சாவி உங்களிடம். தோட்டாக்களில் பித்தளை அடி பச்சை பூத்ததும், மழையில் நனைந்து உடம்பு வீங்கியதும் இருந்தால் தனியாக எடுத்து வைத்து, வாங்கிய துப்பாக்கிக் கடையில் ஒப்படையுங்கள். அடுத்த தடவை புறப்படும்போது அதே குழலை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். குளவி சின்ன மண்கூடு கட்டியிருக்கும்.